கடும் அமில எதுக்களிப்புக்கான அறுவை சிகிச்சை: இடம், இயக்கம், தேர்வு என்னும் மூன்று வினாக்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறிப் புண்ணாக்கும் நோயை அறுவை சிகிச்சையால் தீர்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. 1951இல் ஃபிலிப் ஆலிசன் வெளியிட்ட அறுவை முறை முதல் 2019இல் வெளிவந்த அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாறு மூன்று வினாக்களைச் சுற்றி அமைந்துள்ளது. இரைப்பை தன் இடத்தில் இருக்கிறதா என்பது முதல் வினா. உணவுக்குழாயின் கீழ்வாயில் செவ்வனே இயங்குகிறதா என்பது இரண்டாம் வினா. நோயாளியின் துன்பத்துக்கு எதுக்களிப்புதான் காரணமா என்பது மூன்றாம் வினா. அறுவையின் வெற்றி கையின் திறனைக் காட்டிலும் கேட்கப்பட்ட வினாவின் பொருத்தத்தையே சார்ந்திருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எதுக்களிப்பு நோய், உணவுக்குழாய், உதரவிதானம், நிசென், சுற்றுமடிப்பு அறுவை, நுண்துளை அறுவை, மருத்துவ வரலாறு.

முன்னுரை

உண்டது மீண்டும் தொண்டைக்கு ஏறி வருதலை எதுக்களித்தல் என்றும், மார்பில் தோன்றும் காந்தலை நெஞ்செரிச்சல் என்றும் தமிழ் வழக்கு பிரித்துச் சொல்கிறது. முன்னது ஒரு நிகழ்வின் பெயர். பின்னது ஓர் உணர்வின் பெயர். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஆயினும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. அமிலம் மேலேறாமலே நெஞ்சு எரிவதுண்டு. எரிச்சல் ஏதும் தோன்றாமலே அமிலம் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்குவதும் உண்டு. இவ்வேறுபாட்டின் முழுப் பொருளையும் அறுவை மருத்துவம் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

எதுக்களிப்பு நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு உணவுப் பழக்க மாற்றமும் மருந்தும் போதுமானவை. மருந்துக்கு அடங்காத எதுக்களிப்பு, உணவுக்குழாயில் ஆழ்ந்த புண், புண் ஆறும்போது ஏற்படும் குழாய்ச் சுருக்கம், படுத்திருக்கையில் இரைப்பை நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குதல் ஆகியவை கடுமையான நிலைகளாகும். இந்நிலைகளிலேயே அறுவை சிகிச்சை என்னும் கேள்வி எழுகிறது. உயிரை உடனே பறிக்காத ஒரு நோய்க்காக வயிற்றையோ மார்பையோ திறப்பது தகுமா என்பது இத்துறையின் தொடக்கம் முதல் உடன்வரும் அறச்சிக்கலாகும். அறுவை தவறினால் நோயாளி பழைய துன்பத்தோடு புதிய துன்பத்தையும் சுமக்க நேரும். எனவே இவ்வறுவையின் வரலாறு அதன் சாதனைகளைப் போலவே அதன் பக்கவிளைவுகளையும் உள்ளடக்கியதாகும்.

நோய்க்குப் பெயர் அமைந்த வரலாறு

உணவுக்குழாய் மார்பின் வழியே இறங்கி, உதரவிதானத்தில் உள்ள ஒரு துளையைக் கடந்து, வயிற்றுக்குள் இரைப்பையோடு சேர்கிறது. இச்சேர்க்கையில் மூன்று காவல்கள் உள்ளன. உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசை ஒன்று. அதனைச் சுற்றிப் பிடிக்கும் உதரவிதானத் தசைக் கால்கள் மற்றொன்று. இரைப்பையின் மேல்முகடு உணவுக்குழாயோடு சாய்ந்து சேர்வதால் உண்டாகும் கோணம் மூன்றாவது. உணவை உள்ளே விடுவதும், ஏப்பத்தை வெளியே விடுவதும், அமிலத்தைத் தடுத்து நிறுத்துவதும் இவற்றின் கூட்டுப்பணியாகும்.

செரிமான நீரே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கே 1879இல் எடுத்துரைத்தார். எனினும் அக்கருத்து நெடுங்காலம் கவனம் பெறவில்லை. 1935இல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டைன், அமிலத்தால் விளையும் உணவுக்குழாய் அழற்சியைத் தனியொரு நோயாக அறிவித்தார். 1940களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மார்பு அறுவை மருத்துவர் ஃபிலிப் ஆலிசன், 'எதுக்களிப்பு உணவுக்குழாய் அழற்சி' என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். அழற்சியின் பெயரிலேயே அதன் காரணமும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. காரணம் பெயரிடப்பட்டதும் அதனைத் தடுக்கும் வழியைத் தேடுவது இயல்பாயிற்று.

அக்காலத்து அறிவின் எல்லையை நார்மன் பாரெட்டின் வரலாறு தெளிவாக்குகிறது. சில நோயாளிகளின் உணவுக்குழாய்க் கீழ்ப்பகுதியில் வழக்கமான படலத்துக்கு மாறாக இரைப்பையின் படலத்தை ஒத்த படலம் காணப்பட்டது. பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருப்பதால் மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையே அப்பகுதி என்று இலண்டன் அறுவை மருத்துவர் பாரெட் 1950இல் வாதிட்டார். அது இரைப்பை அன்று, உணவுக்குழாயே என்று ஆலிசனும் ஜான்ஸ்டோனும் 1953இல் காட்டினர். 1957இல் பாரெட் அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும் இன்று அந்நிலை பாரெட்டின் பெயராலேயே வழங்குகிறது. அது புற்றுநோய்க்கு முன்னிலையாக அமையக்கூடும் என்பது பின்னர் அறியப்பட்டது. எது எந்த உறுப்பு, அது எங்கே இருக்கிறது என்பதே அத்தலைமுறையின் முதன்மைக் கேள்வியாக இருந்தது என்பதற்கு இவ்விவாதம் சான்றாகும்.

முதல் வினா: இடம்

ஊடுகதிர்ப் படங்களின் பரவலுக்குப் பின், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் பிதுங்கியிருப்பது பலரிடம் காணப்பட்டது. சுவீடன் நாட்டு ஊடுகதிர் மருத்துவர் ஆகே ஆகெர்லுண்ட் 1926இல் இப்பிதுக்கங்களை வகைப்படுத்தினார். இரைப்பை தன் இடத்திலிருந்து விலகியதே எதுக்களிப்புக்குக் காரணம் என்றால், அதனைப் பழைய இடத்தில் வைத்துத் தைத்துவிட்டால் நோய் தீரவேண்டும். ஆலிசன் 1951இல் வெளியிட்ட அறுவை முறை இத்தருக்கத்தின் நேரடி விளைவாகும். இடப்பக்க மார்பைத் திறந்து, மேலேறிய இரைப்பையைக் கீழிறக்கி, உணவுக்குழாயையும் உதரவிதானத்தையும் பிணைக்கும் நார்ப்படலத்தை மீண்டும் பொருத்தி, அகன்ற துளையைப் பின்புறத்தில் தையலிட்டுச் சுருக்குவது அம்முறை. வெறும் பிதுக்கத்தைச் சரிசெய்தல் என்பதிலிருந்து எதுக்களிப்பைத் தடுத்தல் என்பதற்கு அறுவையின் நோக்கத்தை மாற்றிய பெருமை ஆலிசனுக்கு உரியது.

எனினும் நாளடைவில் நோய் திரும்பியது. ஆலிசனே தம் நோயாளிகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பிதுக்கமோ எதுக்களிப்போ மீண்டும் தோன்றியிருந்தது. தம் பெயரால் வழங்கிய முறையின் தோல்வியைத் தாமே கணக்கிட்டு அறிவித்த இச்செயல் அறுவை மருத்துவ வரலாற்றில் போற்றத்தக்கது. இரைப்பையை இடத்தில் வைப்பது தேவையாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது என்பது இதனால் புலனாயிற்று. பிதுக்கம் உள்ள பலருக்கு எதுக்களிப்பு இல்லை. எதுக்களிப்பு உள்ள சிலருக்குப் பிதுக்கம் இல்லை. இடம் என்னும் வினாவால் இம்முரணை விளக்க இயலவில்லை.

இரண்டாம் வினா: இயக்கம்

இரண்டாம் வினாவுக்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ருடால்ஃப் நிசென் 1896இல் அன்றைய ஜெர்மனியின் சிலேசியப் பகுதியில் பிறந்தவர். புகழ்பெற்ற மார்பு அறுவை மருத்துவர் சாவர்புருக்கின் மாணவர். 1931இல் பெர்லினில் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் அகற்றும் அறுவையை வெற்றியாக நிகழ்த்தியவர். யூதரான அவர் 1933இல் நாஜி ஆட்சி ஏற்பட்டதும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அதே ஆண்டில் துருக்கியில் நடைபெற்ற பல்கலைக்கழகச் சீர்திருத்தம் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அறிஞர் பலருக்குப் புகலிடம் அளித்தது. நிசென் இஸ்தான்புல்லில் பேராசிரியரானார்.

1930களின் நடுப்பகுதியில், உணவுக்குழாயின் கீழ்முனையில் ஆழ்ந்த புண் கொண்ட ஓர் இளைஞருக்கு அங்கே அவர் அறுவை செய்தார். புண்பட்ட பகுதியை அகற்றி, எஞ்சிய உணவுக்குழாயை இரைப்பையோடு இணைத்தார். தையல் கசியாமல் காக்கும் பொருட்டு அதனைச் சுற்றி இரைப்பைச் சுவரை மடித்துத் தைத்தார். இம்மடிப்பின் நோக்கம் தையலைப் பாதுகாப்பது மட்டுமே. இத்தகைய இணைப்புக்குப் பின் அமிலம் தடையின்றி மேலேறுவதே வழக்கம். ஆனால் அந்நோயாளியிடம் ஆண்டுகள் பல கழிந்தும் எதுக்களிப்பின் அறிகுறி இல்லை. பாதுகாப்புக்காகச் செய்த மடிப்பே வாயிற்காவலாகவும் செயல்பட்டிருந்தது.

1939இல் அமெரிக்காவுக்குச் சென்ற நிசென், 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். 1955இல் கடும் எதுக்களிப்பால் துன்புற்ற 49 வயதுப் பெண்மணிக்கு, பழைய அனுபவத்தை நினைவில் கொண்டு, இரைப்பை முகட்டை உணவுக்குழாயின் பின்புறமாக இழுத்து முன்புறத்தில் கொணர்ந்து முழுவளையமாகத் தைத்தார். அவருக்குப் பிதுக்கம் இல்லை என்பது கருதத்தக்கது. இடம் மாறாத இரைப்பையில் செய்யப்பட்ட இவ்வறுவை, இடம் என்னும் வினாவையே கடந்து சென்றது. 1956இல் சுவிட்சர்லாந்து மருத்துவ வார இதழில் இரு நோயாளிகளைக் குறித்த சிறு கட்டுரையாக இது வெளிவந்தது. ஃபண்டோப்ளிகேஷன் எனப்படும் இச்சுற்றுமடிப்பு அறுவை பின்னாளில் உலகெங்கும் பரவியது.

இதன் இயக்கம் எளியது. உணவுண்டு இரைப்பை நிறையும்போது அதனுள் அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தம் முகட்டு மடிப்புக்குள்ளும் பரவி, மடிப்பால் சூழப்பட்ட உணவுக்குழாயை நெருக்கி மூடுகிறது. எதுக்களிப்பைத் தூண்டக்கூடிய விசையே அதனைத் தடுக்கும் விசையாக மாற்றப்படுகிறது.

இதே காலத்தில் வேறு வழிகளும் உருவாயின. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ரொனால்டு பெல்சி, முந்தைய முயற்சிகளைக் கைவிட்டு நான்காவதாக அமைத்த முறையை 'மார்க் 4' என்றே அழைத்தார். மார்பு வழியே செய்யப்படும் அம்முறையில் மடிப்பு முழுவளையமாக இராமல் ஏறத்தாழ 240 பாகை அளவில் அமையும். 1967இல் ஸ்கின்னருடன் இணைந்து 1,030 நோயாளிகளின் நெடுங்கால முடிவுகளை அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகர லூசியஸ் ஹில், இரைப்பையின் மேல்முனையைப் பின்புற நார்ப்படலத்தோடு பிணைக்கும் முறையை விளக்கினார். பிற்காலத்தில் அறுவை மேசையிலேயே அழுத்தத்தை அளந்து தையலின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் வழக்கத்தையும் அவர் கைக்கொண்டார். பிரான்சில் ஜாக் டோர் 1962இல் முன்புறப் பகுதி மடிப்பையும், ஆந்த்ரே டூபே 1963இல் பின்புறப் பகுதி மடிப்பையும் அறிமுகம் செய்தனர். நெடுநாள் அழற்சியால் உணவுக்குழாய் சுருங்கிக் குட்டையானோருக்கு, இரைப்பையின் ஒரு பகுதியைக் குழாய் வடிவமாக்கி நீளம் கூட்டும் முறையை லீ காலிஸ் 1957இல் வழங்கினார்.

இறுக்கத்தின் விலை

முழுவளைய மடிப்பு எதுக்களிப்பை வலுவாகத் தடுத்தது. சிலரிடம் அளவுக்கு மீறியும் தடுத்தது. விழுங்கிய உணவு இறங்க மறுத்தது. ஏப்பம் விட இயலவில்லை. வாந்தி எடுக்க இயலவில்லை. விழுங்கிய காற்று வெளியேற வழியின்றி வயிறு உப்பியது. ஒரு வாயில் மூடியிருப்பது மட்டும் அதன் கடமையன்று. திறக்கவேண்டிய நேரத்தில் திறப்பதும் அதன் கடமையே. இவ்வுண்மையை நோயாளிகளின் துன்பமே அறுவை மருத்துவர்களுக்குக் கற்பித்தது.

அளவீட்டுக் கருவிகள் இக்கல்விக்குத் துணைநின்றன. 1956இல், நிசெனின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் உணவுக்குழாயின் கீழ்முனையில் உயரழுத்தப் பகுதி ஒன்று உள்ளதை அழுத்த அளவீட்டால் காட்டினர். கண்ணுக்குத் தனித் தசையாகப் புலப்படாத சுருக்குத்தசை அழுத்தமாகப் பதிவாயிற்று. 1974இல் ஜான்சனும் டிமீஸ்டரும், உணவுக்குழாய்க்குள் மெல்லிய உணரியை வைத்து 24 மணிநேரமும் அமிலத்தன்மையைப் பதிவுசெய்து மதிப்பெண்ணிடும் முறையை வெளியிட்டனர். 1980இல் ஜான் டென்ட்டும் அவருடைய குழுவினரும், விழுங்குதலோடு தொடர்பின்றிச் சுருக்குத்தசை சிறிது நேரம் தானாகவே தளர்வதும், எதுக்களிப்பு பெரும்பாலும் அவ்வேளைகளில் நிகழ்வதும் கண்டறிந்தனர். வாயில் எப்போதும் பழுதாகி நிற்பதில்லை. தவறான நேரத்தில் திறந்துகொள்வதும் நோயே என்பது தெளிவாயிற்று.

இவ்வறிவு அறுவை முறையைத் திருத்தியது. டிமீஸ்டர் குழுவினர் 1986இல் தொடர்ச்சியாக அறுவை செய்யப்பட்ட 100 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டனர். மடிப்பின் நீளத்தை 4 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ.யாகக் குறைத்தனர். தைக்கும்போது உணவுக்குழாய்க்குள் வைக்கும் அளவுக்குழாயின் விட்டத்தை ஏறத்தாழ 12 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ.யாகக் கூட்டினர். இரைப்பை முகட்டை மண்ணீரலோடு பிணைக்கும் சிறு குருதிக்குழாய்களைப் பிரித்து, மடிப்பு இழுவையின்றி அமையச் செய்தனர். மடிப்பைக் குறுக்கியதால் நிலையான விழுங்கல் தடை 21 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. பத்தாண்டுக் கணிப்பில் 91 விழுக்காட்டினரிடம் எதுக்களிப்பு கட்டுப்பட்டிருந்தது. இறுக்கத்தைக் குறைத்தபோதும் காவல் குறையவில்லை.

இதற்கு நேர்மாறான பாடத்தை 1979இல் ஆஞ்சல்சிக் அறிமுகம் செய்த செயற்கை வளையம் கற்பித்தது. சிலிக்கோன் கூழ் நிரம்பிய அவ்வளையத்தை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றி நாடாவால் கட்டினால் போதும்; தையல் தேவையில்லை. அறுவை எளிதாக இருந்ததால் அது விரைந்து பரவியது. காலப்போக்கில் வளையம் இடம்பெயர்ந்தது; சிலரிடம் குழாய்ச் சுவரை அரித்து உள்ளே புகுந்தது; விழுங்கல் தடையும் மிகுந்தது. அகற்றும் அறுவைகள் பெருகியபின் அது கைவிடப்பட்டது. அசையும் வாயிலைச் சுற்றி அசையாத பொருளை வைத்ததே அதன் பிழை எனலாம்.

மருந்தின் எழுச்சியும் நுண்துளை அறுவையும்

1976இல் பிரிட்டனில் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அதே 1988இல் சந்தைக்கு வந்த ஒமெப்ரசோல், இரைப்பைச் செல்களின் அமில வெளியேற்றத்தை அதன் இறுதிப் படியிலேயே தடுத்தது. முன்பு மாதக்கணக்கில் ஆறாத புண்கள் சில வாரங்களில் ஆறின. அறுவையின் காலம் முடிந்தது என்னும் எண்ணம் பரவியது.

ஆயினும் மருந்துக்கும் அறுவைக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. மருந்து மேலேறும் நீரின் தன்மையை மாற்றுகிறது, மேலேறுதலை நிறுத்துவதில்லை. வாயில் திறந்தே இருக்க, அதன் வழியே வருவது மட்டும் தீங்கு குறைந்ததாகிறது. ஆகவே நெஞ்செரிச்சல் மருந்துக்கு அடங்கும் அளவுக்கு எதுக்களித்தல் அடங்குவதில்லை. தமிழ் வழக்கு பிரித்துக்காட்டும் நிகழ்வும் உணர்வும் மருந்தின் முன் இரு வேறு நோய்களைப் போல் நடந்துகொண்டன. குனிந்தாலோ படுத்தாலோ வாய்வரை உணவு ஏறிவரும் நோயாளிகளுக்கு அறுவையின் தேவை எஞ்சி நின்றது.

இச்சூழலில் 1991இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்னார்ட் டால்மான், நிசெனின் அறுவையை நுண்துளை வழியே நிகழ்த்தி அதன் முதல் முடிவுகளை வெளியிட்டார். வயிற்றில் ஐந்து சிறு துளைகள் போதுமாயின; நீண்ட வெட்டுக்காயமும் அதன் வலியும் நீங்கின; மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்தன. அறுவையின் தத்துவம் மாறவில்லை. நோயாளி அதற்குக் கொடுக்கும் விலை குறைந்தது. 1990களில் அறுவைகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. அமெரிக்காவில் அப்பத்தாண்டின் இறுதியில் உச்சம் தொட்டுப் பின்னர் இறங்கியது. எளிதாகச் செய்யலாம் என்பதே செய்யவேண்டும் என்பதற்குக் காரணமாகாது என்னும் எச்சரிக்கை மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

ஒப்பீட்டு ஆய்வுகள் தந்த விடைகள்

மருந்தா, அறுவையா என்னும் வினாவுக்குச் சீட்டுக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் விடை தேடின. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் தலைமையில் 247 பேரிடம் நடந்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. அன்றைய மருந்துகளைவிட அறுவை மேம்பட்டதாக அது காட்டியது. ஆனால் அதே நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டோருள் 62 விழுக்காட்டினர் மீண்டும் முறையாக மருந்து உட்கொண்டு வந்தனர். மருந்துக் குழுவில் இது 92 விழுக்காடு. அறுவை செய்தால் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டாம் என்னும் உறுதிமொழி இதனால் ஆட்டம் கண்டது. மருந்து உட்கொள்ளுதல் என்பதே நோய் திரும்பியதற்குச் சான்றாகாது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அறுவைக்குப் பின் மருந்தை நாடும் பலரிடம் சோதனைகள் மிகையான அமிலத்தைக் காட்டுவதில்லை.

ஐரோப்பாவில் 554 பேரைக் கொண்டு நடந்த 'லோட்டஸ்' ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2011இல் வெளிவந்தன. நோய் தணிந்த நிலையில் நீடித்தோர் மருந்துக் குழுவில் 92 விழுக்காடும் அறுவைக் குழுவில் 85 விழுக்காடும் ஆவர். ஐந்தாம் ஆண்டில் எதுக்களித்தல் மருந்துக் குழுவில் 13 விழுக்காட்டினரிடமும் அறுவைக் குழுவில் 2 விழுக்காட்டினரிடமும் இருந்தது. விழுங்கல் தடையோ மருந்துக் குழுவில் 5 விழுக்காடு, அறுவைக் குழுவில் 11 விழுக்காடு. மருந்தை ஏற்று நலமுற்றவர்களே இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். எனவே மருந்தால் அடங்குவோருக்கு இரு வழிகளும் பெரும்பாலும் ஈடானவை. எஞ்சும் துன்பத்தின் வகைதான் வேறுபடுகிறது என்பது இதன் பொருள்.

அன்றாட மருத்துவச் சூழலின் நிலையைச் சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. நுண்துளை அறுவை செய்துகொண்ட 2,655 பேரில் 17.7 விழுக்காட்டினரிடம் எதுக்களிப்பு மீண்டும் தோன்றியது. ஆலிசனின் காலத்தோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் முழுத் தீர்வு அன்று. பாரெட் நிலையில் உள்ளவர்களைப் புற்றுநோயிலிருந்து காப்பதில் அறுவை மருந்தைவிட மேலானது என்பதும் நிறுவப்படவில்லை.

மூன்றாம் வினா: தேர்வு

மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல் உள்ளோருக்கு அறுவை உதவுமா என்பதை ஸ்பெக்லர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக ஆராய்ந்தது. இவ்வாய்வின் முடிவைவிட, முடிவை அடைந்த வழி பெரிதும் சிந்திக்கத்தக்கது. அத்தகைய துன்பத்தோடு அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். ஒமெப்ரசோலை உணவுக்கு முன் உரிய நேரத்தில் இரு வாரங்கள் உட்கொள்ளச் செய்தபோதே 42 பேருக்கு எரிச்சல் தணிந்தது. 23 பேருக்கு உணவுக்குழாயின் வேறு நோய்கள் இருந்தன. 99 பேருக்கு எதுக்களிப்போ புண்ணோ இல்லை; நரம்புணர்வின் மிகையால் நெஞ்சு எரிந்தது. பிற காரணங்களாலும் பலர் நீங்க, எஞ்சிய 78 பேர் மட்டுமே ஆய்வில் சேர்க்கப்பட்டனர்.

அந்த 78 பேருள் அறுவை செய்துகொண்ட 27 பேரில் 18 பேர், அதாவது 67 விழுக்காட்டினர், நலம் பெற்றனர். கூடுதல் மருந்துகள் பெற்ற குழுவில் 28 விழுக்காடும், ஒப்பீட்டுக் குழுவில் 12 விழுக்காடும் மட்டுமே நலம் பெற்றனர். உரியவரைத் தேர்ந்தால் அறுவை மருந்தை வெகுவாக விஞ்சுகிறது. தேர்வின்றிச் செய்திருந்தால், எதுக்களிப்பே இல்லாத பலருக்குத் தேவையற்ற மடிப்பும் அதன் பக்கவிளைவுகளும் மட்டுமே எஞ்சியிருக்கும். நெஞ்செரிச்சல் வேறு, எதுக்களிப்பு வேறு என்னும் வேறுபாடு இங்கே எண்களால் உறுதிப்பட்டது.

தேர்வு என்பது நோயாளியைத் தேர்வது மட்டுமன்று. அவருக்குரிய முறையைத் தேர்வதும் ஆகும். உணவுக்குழாயின் தள்ளுவிசை குன்றியவர்களுக்கு முழுவளையத்தைவிடப் பகுதி மடிப்பையே பலர் பரிந்துரைக்கின்றனர். மிகையான உடற்பருமன் கொண்டோருக்கு, உடல் எடையையும் எதுக்களிப்பையும் ஒருங்கே குறைக்கும் இரைப்பை மாற்றுவழி அறுவை பொருத்தமானது. 2007இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற காந்த மணிவளையம் மற்றொரு வழி. டைட்டேனியம் உறையிட்ட காந்த மணிகளின் ஈர்ப்பு வாயிலை மூடிவைக்கிறது. உணவு இறங்கும்போது மணிகள் விலகி வழிவிட்டு மீண்டும் சேர்கின்றன. ஆஞ்சல்சிக் வளையத்தின் தோல்வி இதில் திருத்தப்பட்டுள்ளது. எனினும் 2013இல் வெளியான 100 பேர் ஆய்வில் 6 பேரிடம் வளையம் அகற்றப்பட்டது என்பதால், இதுவும் விலையற்ற வழி அன்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

எதுக்களிப்பு அறுவையின் திருப்பங்கள் அனைத்தும் வினா மாறியதால் நிகழ்ந்தவை. இடத்தைத் திருத்திய ஆலிசனின் முறை இயக்கத்தைக் கருதாததால் தளர்ந்தது. இயக்கத்தைத் திருத்திய நிசெனின் முறை, அளவீட்டின் துணையால் இறுக்கம் குறைந்தபின்னரே நோயாளிக்கு இணக்கமாயிற்று. அதன் பின்னும் தேர்வு என்னும் வினா கேட்கப்படாத இடங்களில் ஏமாற்றமே மிஞ்சியது.

முந்தைய வினாக்களைப் பிந்தைய வினாக்கள் நீக்கிவிடவில்லை. இன்றைய அறுவையிலும் பிதுங்கிய இரைப்பையைக் கீழிறக்குதலும் துளையைச் சுருக்குதலும் முதற்படிகளாக உள்ளன. ஆலிசனின் கைவண்ணம் நிசெனின் மடிப்புக்கு அடித்தளமாக நிற்கிறது.

இத்துறையின் முன்னேற்றம் நெடுங்காலப் பின்தொடர்தலால் விளைந்தது. இருபது ஆண்டுக்குப் பின் தம் நோயாளிகளைத் தேடிச்சென்று கணக்கெடுத்த ஆலிசனின் செயலும், பழைய நோயாளி ஒருவரின் நலத்தை ஆண்டுகள் கழித்தும் கவனித்த நிசெனின் நினைவும் இதற்குச் சான்றுகள். அறுவை முடிந்த அன்று வெற்றியாகத் தோன்றியவை பல, பத்தாண்டுகளுக்குப் பின் அவ்வாறு தோன்றவில்லை.

கடும் எதுக்களிப்பு கொண்ட ஒருவர் அறுவையை நாடும்போது, எந்த முறை சிறந்தது என்பதைக் கேட்பதற்கு முன், தம் துன்பத்துக்கு எதுக்களிப்புதான் காரணமா என்பதைச் சோதனையால் உறுதிசெய்துகொள்ளவேண்டும் என்பதே எழுபதாண்டு வரலாறு வழங்கும் அறிவுரையாகும்.